பொபினுக்குச் சொன்ன பத்தியம்

உங்கள் மிருக வைத்திய நிலையத்து அலுமாரியில் பூனைகளுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. போன மாதம் உங்களில் ஒருத்தி அதைத் திறந்து காட்டினாள். கோழி வாசத்தில் ஒரு பசை, மீன் வாசத்தில் ஒரு குளிசை, காதின் உட்புறத்தில் தடவினாலே உடம்பில் சேர்ந்துவிடும் என்கிற ஒரு களிம்பு. நான் ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே பசி வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய பிரஷர் குளிசையை இப்படி யாராவது செய்து கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் காலத்தில் பூனைக்கென்று செய்த மருந்து எதுவும் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. மனிதருக்கென்று செய்ததை மருந்துக்கடையில் வாங்கி, உடைத்து, பூனையின் நிறைக்குக் கணக்குப் பண்ணிக் கொடுப்போம். நீங்களும் அதைத்தான் பாதி நேரம் செய்கிறீர்கள். ஆனால் அதற்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, படிவம் இருக்கிறது, வளர்ப்பவரிடம் கையெழுத்தும் வாங்குகிறீர்கள். நல்ல விடயம். எங்களிடம் இருந்தது வாய்ச்சொல் மட்டும்தான். அந்த வாய்ச்சொல்லால் நான் பட்ட பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

பூனைக்குப் பரசிற்றமோல் கொடுத்துக் கொன்ற கதை இந்தத் தொழிலில் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். அது தெரியாமல் செய்கிற பிழை. ஒருமுறை செய்தால் சாகும்வரை திரும்பச் செய்யமாட்டீர்கள். நான் சொல்லப்போவது எல்லாம் தெரிந்த ஒருத்தி செய்த பிழை. எல்லாம் தெரிந்த அந்த ஒருத்தி நான்தான்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு, வலிகாமத்தில் ஒரு மிருக வைத்திய நிலையத்தில் நான் வேலை பார்த்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து மூன்று வருடம். பெற்றோல் இல்லை, சைக்கிளில்தான் மாடு பார்க்கப் போவேன். ஊரில் எனக்கு வைத்திருந்த பெயர் மாட்டு டொக்டர். பெண்பிள்ளை என்பதால் சில வீடுகளில் முதலில் தேத்தண்ணி தந்து, டொக்டர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள். அதனால் எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. யார் எதைக் கேட்டாலும் ஒரு பகிடியோடு பதில் சொல்லி, நான் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை என்று காட்டுவேன். மாட்டுக்காரரிடம் அது நன்றாகவே எடுபட்டது.

அப்படியொரு காலை, மாடுகளும் ஆடுகளும் நின்ற வரிசையில் ஒரு மனிதர் மடியில் பூனையோடு வந்து இருந்தார். முன்னால் நின்ற மாட்டுக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெயர் நவரத்தினம், தையல்காரர், ஐம்பது வயது வரும், கலியாணம் செய்யாதவர். சொந்த இடம் தெல்லிப்பழை. அங்கிருந்து எல்லாரும் எழும்பி ஓடி வந்தபோது அவர் சைக்கிளின் பின்னால் தையல் மெசினின் தலையைக் கட்டி, முன்னால் ஒரு ஓலைக் கடகத்தில் பூனையை வைத்துக்கொண்டு வந்திருந்தார். வேறு ஒன்றும் கொண்டுவரவில்லை. மானிப்பாயில் ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்து பள்ளிக்கூடச் சட்டைகளும் பிளவுசும் தைத்தார்.

பூனையின் பெயர் பொபின். மெசினுக்குள் நூல் சுற்றிப் போடுவோமே, அந்தப் பொபினை உருட்டி விளையாடிய குட்டிக்கு வைத்த பெயர். இப்போது அது நாலு வயதுக் கடுவன், நல்ல கொழுத்த உருப்படி. மாட்டு டொக்டருக்கே தூக்கக் கை வலித்தது. காதிலும் முகத்திலும் முன்னங்காலிலும் வட்டம் வட்டமாக மயிர் கொட்டி, தோல் செதில் பிடித்திருந்தது. படை. பூனையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். தொற்றியும் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரி மனோன்மணி அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் கழுத்திலும் கையிலும் அதே வட்டங்கள். தைக்கக் கொடுத்த துணிக் குவியலின் மேல்தான் பொபின் படுக்கும் என்பது ஊருக்கே தெரியும். மனோன்மணி அக்கா அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டா. ஆடி முடிவதற்குள் பூனைக்குப் படை மாறவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றில் பூனை போகவேண்டும், அல்லது பூனையும் அவரும் சேர்ந்து போகவேண்டும்.

நவரத்தினம் அண்ணை இதையெல்லாம் துணிக்கு அளவு சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், பூனையை விட்டுவிட்டு இருக்கத் தன்னால் ஏலாது என்றும், வேறு அறை தேடினாலும் இந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது என்றும் சொன்னார். இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்த காலம் அது. அவர் சொன்னது முழுக்க உண்மை.

படைக்கு மனிதர் விழுங்குகிற குளிசை ஒன்று இருந்தது, கிரிசோபுல்வின். பூனைக்கும் வேலை செய்யும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கொழுப்புச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்றும், சில பூனைகளுக்குச் சாப்பாட்டை வெறுக்கப்பண்ணும், ஈரலையும் கெடுக்கலாம் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. பொபினைப் பன்புல்லால் பின்னிய பைக்குள் போட்டுத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தேன். கால் குளிசை என்று கணக்கு வந்தது.

மருந்துச் சிட்டையில் நோயாளியின் பெயரும் வயதும் எழுதவேண்டும். பொபின் நவரத்தினம், வயது நாலு என்று எழுதினேன். எனக்கு அது பெரிய பகிடியாகப் பட்டது. யாழ்ப்பாணம் டவுனில் மருந்துக்கடைக்காரர் சிட்டையைப் பார்த்துவிட்டு, நாலு வயதுப் பிள்ளைக்கு இது ஏன் என்று கேட்டிருக்கிறார். நவரத்தினம் அண்ணை பொய் சொல்லத் தெரியாதவர். பிள்ளை இல்லை, பூனை என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் தகரத்தில் மிச்சம் இருந்ததைப் பார்த்து, பிள்ளைகள் யாராவது வந்தால் கொடுக்கவேண்டும் என்று பாதியை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைத் தந்தாராம். அடுத்தமுறை பூனையென்றால் பூனையென்றே எழுதச் சொல்லியும் அனுப்பியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் செய்தது சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஐந்தாறு வருடம் பிடித்தது.

மறுநாள் அவர் குளிசையோடு வந்தார். எப்படி உடைப்பது என்று காட்டினேன். தன் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, பிளேட்டால் நாலாகப் பிரித்து, நாலும் ஒரே அளவா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தார். நான் கூட அப்படி வெட்டியதில்லை. சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னேன். கொழுப்பு, மீன் என்று விளக்கிச் சொல்ல வாயெடுத்த நேரம் வெளியே ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எல்லாரும் சத்தம் போட்டார்கள். நான் கதவடிக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து கேட்டார்.

“டொக்டர், பத்தியம் என்ன?”

ஒரு பூனைக்கு, அதுவும் பேராதனையில் படித்த என்னிடம், பத்தியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மனிசருக்குப் போலைதான் அண்ணை. பொபினுக்கெண்டு புறம்பா என்ன இருக்கு” என்றேன்.

பக்கத்தில் நின்ற மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நவரத்தினம் அண்ணையும் லேசாகச் சிரித்த மாதிரித்தான் இருந்தது. அவர் போனார், நான் மாட்டைப் பிடிக்கப் போனேன். அடுத்த நிமிடமே நான் அதை மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். பொபின் அவர் மடியில் துணிமாதிரிக் கிடந்தது. சாப்பிடுகிறதில்லை, எழும்புகிறதில்லை என்றார். வாயைத் திறந்து பார்த்தேன். பல்முரசு மஞ்சள். காதின் உட்புறமும் மஞ்சள். புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. ஈரல். என் குளிசை இந்தப் பூனையைக் கொல்கிறது என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இதைக் கவனியுங்கள். உங்களுக்குப் பயமுள்ள ஒரு மருந்தைக் கொடுத்திருக்கும்போது, பிறகு என்ன நடந்தாலும் அந்த மருந்தின் தலையில்தான் போடுவீர்கள். பயம் ஒரேயொரு பக்கத்தைத்தான் பார்க்கும். இரத்தம் எடுத்துச் சோதிக்க அன்று எங்களுக்கு வசதி இல்லை. ஆனால் கேள்வி கேட்க வாய் இருந்தது. நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. ஏதாவது வாயில் வைக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் கஞ்சி நக்குகிறது என்றார். சரி என்றேன். ஏன் கஞ்சி என்று நான் கேட்கவில்லை.

குளிசையை நிறுத்தச் சொன்னேன். ஈரல் பழுதாகியிருக்கு, மஞ்சக்காமாலை மாதிரி என்று அவருக்கு விளங்கும் சொல்லில் சொன்னேன். அதுவும் என் கெட்டித்தனம்தான். காரணம் மருந்து என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பூனையைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் மாட்டுக் கொட்டில்களில் நின்றுகொண்டு பூனையைத்தான் நினைத்தேன். குளிசையை நிறுத்தியதால் படை மாறப்போவதில்லை, ஆடி முடிந்தால் அவர் தெருவில். நிறுத்தாவிட்டால் பூனை மண்ணில். இரண்டையும் நானே செய்து வைத்திருந்தேன். ஆறாம் நாள் காலை ஒரு பிள்ளை மூலம் அவரிடமிருந்து சொல் வந்தது. பொபின் தலையை நிமிர்த்துகிறதில்லையாம், வலியில்லாமல் முடித்துவிட ஊசி இருந்தால் டொக்டர் வரட்டாம்.

அப்படி ஊசி ஒன்று என்னிடம் இருந்தது, கடைசிப் போத்தல். அதைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம், மருந்துதான் செய்தது என்று அவரிடம் இன்றைக்காவது சொல்லவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் இருந்த ஒழுங்கை முகப்பில் மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சூடை மீன் விற்றுக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்துவிட்டு, தையல்காரர் வீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன்.

“உந்தத் தையல்கார அண்ணைக்கு என்னோடை ஏதும் கோபமோ, டொக்டர்? ரெண்டு கிழமைக்கு மேலையா ஒரு சூடை கூட வாங்கேல்லை. முந்தி என்ரை சத்தம் கேட்டால் அவருக்கு முதல் அவரின்ரை பூனை வந்து நிக்கும்.”

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். இரண்டு கிழமைக்கு மேல். குளிசை தொடங்கிய நாளிலிருந்து. கஞ்சி.

என்ன நடந்தது என்பது அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. தோல் வியாதி என்றால் எங்கள் சனம் மீனை நிறுத்தும், முட்டையை நிறுத்தும், கத்தரிக்காயைத் தொடாது. மஞ்சக்காமாலை என்றால் எண்ணெயும் உப்பும் கூடக் கிடையாது. மனிதருக்குப் போலை என்று நான்தான் சொன்னேன். கொழுத்த பூனை ஒன்றை நாட்கணக்கில் பட்டினி போட்டால் அதன் உடம்புக் கொழுப்பே ஈரலில் போய் அடைந்து அதை மஞ்சளாக்கும். அதுவும் எனக்குத் தெரியும். வேறொரு பக்கத்தில் படித்திருந்தேன். நான் மருந்தின் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

மீன்காரரிடம் ஒரு கை சூடை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் பொபின் கிடந்தது. அருகே ஒரு சிரட்டையில் உப்பில்லாக் கஞ்சி. இன்னொன்றில் கீழ்க்காய்நெல்லி அரைத்த மோர். நவரத்தினம் அண்ணை எழும்பி நின்றார். முகத்தைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஊசிக்காகப் போட்ட சட்டை.

“மீனை நிப்பாட்டச் சொல்லி ஆர் அண்ணை சொன்னது?” என்று கேட்டேன். பதில் தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அப்படியும் வேறு யாருடைய பெயரையாவது சொல்லமாட்டாரா என்று ஒரு ஆசை.

“நீங்கள்தான், டொக்டர்.”

வாடிக்கையாளரின் அளவுகளை எழுதும் கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினார். இடுப்பு, தோள், கைநீளம் என்று ஊராரின் அளவுகளுக்கு நடுவே ஒரு பக்கத்தில் பொபின் என்று தலைப்பு. கால் குளிசை, காலைச் சாப்பாட்டோடு. அடுத்த வரியில், பத்தியம் மனிசருக்குப் போலை. அதன் கீழே, திகதி போட்டு, ஈரல், மஞ்சக்காமாலை, எண்ணெய் உப்பு இல்லை. என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அங்கே மை கொண்டு எழுதியிருந்தது.

அந்த நேரம் எனக்கு முன்னால் ஒரு சுகமான வழி இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனி மீன் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், வாய்வரை வந்தது. ஆனால் அவர் மருந்தை வெறுத்தால் படைக்கு என்னிடம் வேறு மருந்து இல்லை. பொய் சொன்னால் பூனை தப்பினாலும் வீடு போகும். என் நேர்மையை அன்று தூக்கி நிறுத்தியது அந்தக் கணக்குத்தான். அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

“அது நான் பகிடிக்குச் சொன்னது அண்ணை. பூனைக்குப் பத்தியம் இல்லை. இது பசியாலை வந்தது. பிழை முழுக்க என்னது” என்றேன்.

அவர் கதிரையில் இருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் பூனையைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

“முதல் நாலைஞ்சு நாளும் என்ரை காலைச் சுத்திச் சுத்தி அழுதது, டொக்டர். குசினிக்குள்ளை போய் வெறுஞ் சட்டியை நக்கினது. நான் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினனான். உங்கடை சொல்லை மீறக்கூடாதெண்டு.”

இத்தனை வருடத்தில் என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். மேலதிகாரிகள் ஏசியிருக்கிறார்கள், மாடு செத்த வீட்டுக்காரர் மண்ணை அள்ளி வீசியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. இது நிற்கிறது. நான் அழுதேன். டொக்டர் வீட்டுக்கு வந்து அழக்கூடாது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள், எனக்கும் படிப்பித்தார்கள்.

ஆனால் அழுதுகொண்டிருக்க நேரம் இருக்கவில்லை. மீனை அவித்து, முள்ளெடுத்து, மசித்து, வடித்து, ஊசி கழற்றிய கண்ணாடிச் சிரிஞ்சால் பொபினின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டோம். முதல் மூன்று சொட்டும் வெளியே வந்தது. நாலாவதை விழுங்கியது. நவரத்தினம் அண்ணைக்கு எப்படிச் செய்வதென்று காட்டிவிட்டு, இந்தமுறை ஒவ்வொன்றையும் அவர் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்லவைத்தேன். எந்த மீன், எவ்வளவு, எத்தனை தரம், எதைக் கொடுக்கக்கூடாது, எதை நிறுத்தக்கூடாது. அவர் திருப்பிச் சொன்னதில் இரண்டு இடம் பிழை. அவருக்கு விளங்கவில்லை என்று அர்த்தமில்லை, நான் சொன்ன விதம் அப்படி. இன்றைக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். நீங்கள் சொன்னது முக்கியமில்லை, அவர் எதைக் கொண்டுபோகிறார் என்பதுதான் முக்கியம். டொக்டர் பகிடி விட்டால் அதுவும் மருந்தோடு சேர்ந்து வீட்டுக்குப் போகும்.

பிறகு மனோன்மணி அக்காவிடம் போனேன். அவ முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தா. நடந்ததை அப்படியே சொல்லி, என் பிழையால் நாள் போய்விட்டது, ஆவணி முடியும்வரை தவணை தாருங்கள் என்று கேட்டேன். பிள்ளைகளைத் தாமதிக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போய் பூச்சு மருந்து எடுக்கவும், துணிகளைக் கொதிதண்ணீரில் போடவும் சொன்னேன். அவ மிளகாயிலிருந்து கையை எடுக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தா. டொக்டரே இப்படி வந்து பிழை என்னுடையது என்றால் தான் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, ஆவணிக்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றா. ஊசிப் போத்தல் என் பையிலேயே திரும்பி வந்தது.

பொபின் தேற மூன்று கிழமை பிடித்தது. ஒரு நாளைக்கு ஐந்து தரம் அவர் ஊட்டினார். நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை போய் முரசைப் பார்த்து, பன்பையில் போட்டு நிறுத்து வருவேன். ஒன்பதாம் நாள் பொபின் தானாக மீன்தலை ஒன்றை இழுத்துக்கொண்டு மெசினுக்குக் கீழே போனது. அவர் தைப்பதை நிறுத்திவிட்டு, மெசினைச் சுற்றினால் அதற்குப் பயம் வரும் என்று முழு மணித்தியாலம் சும்மா இருந்தாராம்.

மஞ்சள் போனபின் வந்ததுதான் எனக்குக் கடினமான நாள். படை இன்னும் இருந்தது. அதே குளிசையை அதே பூனைக்குத் திரும்பக் கொடுக்கவேண்டும். பட்டினிதான் காரணம் என்று நான் நம்பினேன், ஆனால் நம்பிக்கையைச் சோதிக்க வழி இல்லை. குளிசைக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருந்தால்? அந்தக் குளிசைகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். ஒருமுறை பயந்த மருந்தைத் திரும்ப எடுப்பதற்கு, முதல்முறை எடுத்ததைவிட அதிகத் துணிவு வேண்டும். நவரத்தினம் அண்ணையிடம் எனக்குள்ள பயத்தையும் சொன்னேன், கொடுக்காவிட்டால் நடக்கப்போவதையும் சொன்னேன். நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன் என்றார். இல்லை அண்ணை, நீங்களும் சேர்ந்துதான் முடிவெடுக்கவேண்டும் என்றேன். அவர் பூனையின் காதைப் பார்த்துவிட்டு, குடுப்பம் என்றார். முதல் நாட்களில் கடுகளவு, பிறகு மெல்லக் கூட்டி, ஒவ்வொரு தரமும் மீனோடு. முரசு வெளிறிய ரோசா நிறத்திலேயே நின்றது. மருந்து ஒரு பாவமும் செய்யவில்லை. அந்தக் கிழமைகளில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆவணியின் கடைசிக் கிழமை. வட்டங்களில் மயிர் முளைத்துவிட்டது, வாலடியில் மட்டும் ஒரு சின்னத் திட்டு மிச்சம். அன்று காலை மனோன்மணி அக்காவே வைத்திய நிலையத்துக்கு வந்தா. ஆடுகளுக்கு நடுவே குடையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. தவணை முடிகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறா என்று நினைத்து, வாலடித் திட்டுக்கு என்ன சமாதானம் சொல்வதென்று யோசித்தேன்.

“பூனை இருக்கட்டும், டொக்டர். அது இப்ப என்ரை வாசல்லைதான் படுக்குது. நீங்கள் உந்த மனிசனை ஒருக்காப் பாருங்கோ. நாள் முழுக்க மீன் அவிச்சு முள்ளெடுத்துப் பூனைக்குக் குடுத்திட்டு, தான் வெறுஞ்சோத்துக்கு உப்பைப் போட்டுத் தின்னுறார். ரெண்டு மாதமா இப்பிடித்தான். நான் கறி குடுத்தாலும் தொடுறாரில்லை. கேட்டால், நான் அதைப் பட்டினி போட்டனான் எண்டுறார்.”

நான் அவரை எத்தனை தரம் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தரமும் பூனையின் முரசைப் பார்த்தேன், பூனையை நிறுத்தேன். பூனையைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. தான் தைத்த சட்டையே தன் தோளில் தொங்கியது. அளவு பிழைத்து உடுப்பது அந்த மனிதரின் சுபாவம் இல்லை.

பொபின் துணிக்குவியலை விட்டுவிட்டு வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைத் தாண்டி உள்ளே போய் வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த கதிரையில் இருந்தேன். பூனைக்கு இனி என்ன என்று அவர் கேட்டார். பூனைக்கு ஒன்றும் இல்லை, வந்தது உங்களைப் பார்க்க என்றேன்.

“அண்ணை, பட்டினி போட்டது நீங்கள் இல்லை, நான். அதுக்கு நீங்கள் தண்டனை அனுபவிக்கேலாது. இண்டையிலிருந்து நீங்கள் மீன் சாப்பிடவேணும். இது டொக்டர் சொல்லுறது.”

அவர் கையில் இருந்த கொலர்த் துணியை மடித்து மேசையில் வைத்தார். மறுத்துக் கதைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து கேட்டார்.

“எத்தினை துண்டு, டொக்டர்?”

நான் சிரிக்கவில்லை.

“மத்தியானம் ரெண்டு, ராவுக்கு ஒண்டு.”

“எத்தினை நாளைக்கு?”

“எப்பவும், அண்ணை” என்றேன்.